வீடு வாங்கும் முன் தெஹிவளையில் ஒரு நாள்



நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு என் ராத்தாவும் மச்சானும் குருநாகல் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இராச் சாப்பாடு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மச்சான் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"மௌலவி, ஊர்த் தென்னங்காணியை விற்றுவிட்டு இந்தத் தெஹிவளைப் பக்கம் ஒரு வீடு வாங்கலாமா என்று யோசிக்கிறோம். மகனுக்கு வேலை கொழும்பில். சின்னவளுக்கும் இனிப் படிப்பு இங்கேதான். தரகர் ஒருவர் மூன்று இடங்கள் பார்த்து வைத்திருக்கிறார். நாளைக்கே முற்பணம் கொடுத்தால் ஒன்றில் விலை குறைத்துத் தருவாராம்."

அந்தக் காணி, வாப்பா தம் கடைசிக் காலத்தில் ராத்தாவின் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. ராத்தா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்: "தம்பி, அங்கே எனக்குக் கதைக்க ஆள் இருக்குமா?"

மச்சானின் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லிவிடலாம். ராத்தாவின் கேள்விக்கு அப்படிச் சொல்ல முடியாது. "அல்ஜார் கப்லத் தார்" என்று அரபியில் ஒரு பழமொழி உண்டு. வீட்டைப் பார்க்கும் முன் அயலவரைப் பார் என்பது அதன் கருத்து. எனவே நான் மச்சானிடம், "முற்பணம் கிடக்கட்டும். நாளை மறுநாள் நான் லீவு எடுக்கிறேன். சுபஹிலிருந்து இஷா வரை மூவருமாக இந்த ஊரை நடந்து பார்ப்போம்" என்றேன்.

கொழும்பின் புறநகரொன்றில் குடியேற நினைக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். மகனின் தொழில், மகளின் படிப்பு, வயோதிபப் பெற்றோரின் வைத்தியம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். அவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் அந்த ஒரு நாளை இங்கே எழுதுகிறேன். நீங்கள் வாங்கப்போவது தெஹிவளையில் இல்லாவிட்டாலும், பார்க்கும் முறை ஒன்றுதான்.

சுபஹுக்குப் பின்

சுபஹுத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது இன்னும் இருள் விலகவில்லை. தெஹிவளையின் உண்மையான குரலைக் கேட்க வேண்டுமானால் இந்த நேரத்தில்தான் கேட்க வேண்டும். பாங்கோசை அடங்கிய சிறிது நேரத்தில் விகாரையிலிருந்து பிரித் ஓதும் சத்தம் வரும். காலி வீதிப் பக்கமிருந்து தேவாலய மணி கேட்கும். காற்று வாட்டமாக அடித்தால் மிருகக்காட்சிசாலைச் சிங்கத்தின் உறுமலும் சேர்ந்து வரும். ராத்தா திடுக்கிட்டு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்பட வேண்டாம் ராத்தா, அது நம் அயலவர்களில் ஒருவர்" என்றேன்.

இந்த மிருகக்காட்சிசாலை ஜோன் ஹேகன்பெக் என்ற ஜெர்மனியர் தம் மிருக வியாபாரத்துக்காக அமைத்த இடத்தில் ஆரம்பமானது. 1936இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. வெளியூர்ப் பிள்ளைகள் வருடத்துக்கொரு முறை சுற்றுலா வந்து பார்க்கும் இடம், இங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலை போகும் வழி.

ஒரே ஊருக்குள் எத்தனை சமூகங்கள் என்று நீங்கள் நடந்தாலே தெரியும். கரகம்பிட்டியவில் சுபோதாராம விகாரை இருக்கிறது. பழைய சுவரோவியங்களுக்குப் பெயர்போன அந்த விகாரையில் விக்டோரியா மகாராணியின் உருவமும் தீட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். நெடிமாலப் பக்கம் வெங்கடேஸ்வர விஷ்ணு ஆலயம். காலி வீதியில் புனித மரியாள் தேவாலயம். பள்ளிவாசல்களோ ஒன்றுக்கு மேற்பட்டவை. நம் ஊர்களில் தெரு முழுக்க நம்மவர்களே இருந்து பழகிய குடும்பங்களுக்கு இது புதிது. இடதுபுறம் சிங்களக் குடும்பம், வலதுபுறம் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம், எதிரில் மலாய்க் குடும்பம் என்று ஓர் ஒழுங்கை அமைந்துவிடுவது இங்கே சர்வசாதாரணம்.

ஆறு மணிக்கெல்லாம் "சூன் பாண்" முச்சக்கர வண்டி பீத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. பாண் வாங்க நின்ற நான்கைந்து பெண்களோடு ராத்தாவும் நின்றார். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா, ராத்தாவுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்திலேயே ஊர், பிள்ளைகள், பெருநாள் எல்லாம் விசாரித்துவிட்டார். கையில் மாலு பாண் பொதியுடன் திரும்பிய ராத்தாவின் முகத்தை நான் கவனித்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

காலை ஏழு மணி

தரகர்கள் வீடு காட்டுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. அப்போது காலி வீதி கண்ணாடிபோல் இருக்கும். "கோட்டைக்குக் கால் மணித்தியாலம்தான் சேர்" என்பார்கள். நீங்கள் வேலைநாளில், காலை ஏழு மணிக்கு வாருங்கள். பாடசாலை வேன்களும் பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பதை அப்போதுதான் பார்ப்பீர்கள்.

ஆனால் தெஹிவளைக்கு ஒரு பெரும் வசதி உண்டு. அது புகையிரதம். கோட்டையிலிருந்து தெற்கே வரும் கரையோரப் பாதையில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை தாண்டி அடுத்தது தெஹிவளை. அதன்பின் கல்கிசை. தெருவில் எத்தனை நெரிசல் இருந்தாலும் தண்டவாளத்தில் நெரிசல் இல்லை. நெரிசலெல்லாம் பெட்டிக்குள்தான். மச்சானைக் காலை வண்டியில் ஏற்றிக் கோட்டை வரை போய் வரச் சொன்னேன். கதவோரம் தொங்கிக்கொண்டு போனவர், திரும்பி வரும்போது காலியான பெட்டியில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து வந்தாராம். "போகும்போது வேண்டாம் என்று நினைத்தேன், வரும்போது வாங்கலாம் என்று நினைத்தேன்" என்று சிரித்தார். இரண்டும் உண்மைதான். இரண்டையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பஸ்ஸைப் பொறுத்தவரை, பாணந்துறையிலிருந்து வரும் 100ஆம் இலக்கமும் மொறட்டுவையிலிருந்து வரும் 101ஆம் இலக்கமும் காலி வீதி வழியே புறக்கோட்டைக்குப் போகின்றன. உள்நோக்கிக் கொஹுவல, நுகேகொடைப் பக்கம் போகவும் பஸ் உண்டு. ஆகவே வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு எத்தனை நிமிட நடை என்பதைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். உங்கள் நடையை அல்ல, உங்கள் தாயாரின் நடையை வைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளின் படிப்பும் இந்தப் பாதையிலேயே அமைகிறது. கல்கிசையில் சென் தோமஸ், இரத்மலானையில் இந்துக் கல்லூரி, பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி, மருதானையில் ஸாஹிரா என்று ஒவ்வொன்றும் பஸ்ஸோ ரயிலோ ஏறினால் எட்டும் தூரம். ஆனால் சிறுபிள்ளை உள்ளவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் வகுப்பு அனுமதிக்கு வசிப்பிடத்தின் அடிப்படையில் புள்ளியிடும்போது, வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் கடந்த 5 வருடங்களாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளைக்கு ஐந்து வயதானபின் வீடு வாங்கிக் குடியேறுபவர் இந்தப் புள்ளியில் பின்தங்கிவிடுகிறார். வாடகைக்கு வந்தாலும் சரி, வந்த முதல் வருடமே கிராம உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்ளுங்கள்.

லுஹருக்கு முன்: நான் பட்ட பாடு

வெயில் ஏறியதும் தரகர் சொன்ன மூன்று இடங்களையும் பார்த்தோம். அந்த விவரத்துக்கு வருமுன் என் சொந்தக் கதையொன்றைச் சொல்லிவிடுகிறேன். மச்சானை நான் ஏன் தடுத்தேன் என்பது அப்போதுதான் உங்களுக்கு விளங்கும்.

2009இல் இடமாற்றம் பெற்று இங்கே வந்து வாடகைக்கு இருந்தேன். 2012இல் உட்பக்கமாக 7 பேர்ச் காணித்துண்டு ஒன்று விலைக்கு வந்தது. அமைதியான இடம், பின்னால் ஒரு கால்வாய், கரையில் இரண்டு தென்னைமரம். விற்பவர் நல்ல மனிதராகத் தெரிந்தார். "இன்னொரு பார்ட்டி மாலையில் வருகிறது" என்றார் தரகர். என் மனைவி தன் காப்புச் சோடியைக் கழற்றித் தந்தார். அதை விற்று 2 இலட்சம் ரூபா முற்பணம் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு அரைத்தாளில் ஒரு கையொப்பம்.

பிறகுதான் நில அளவையாளரை அழைத்துப் போனேன். பின்பக்கத்தில் கணிசமான பகுதி கால்வாய் ஒதுக்குப்பகுதிக்குள். முன்பக்கத்தில் ஒரு பகுதி வீதியை அகலமாக்குவதற்கான கோட்டுக்குள். வீடு கட்ட எஞ்சுவது ஓர் அறைக்குப் போதுமான இடம். முற்பணத்தில் பாதியைத்தான் திரும்பப் பெற முடிந்தது, அதற்கும் ஒரு வருடம் அலைந்தேன். மனைவி ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. ஆனால் கலியாண வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் அந்த வெறுங்கையைப் பார்த்து நான் தலைகுனிந்ததுண்டு. பிறரின் உறுதிமொழியை நம்பியது என் குற்றம். உறுதிப்பத்திரத்தைப் பார்க்காதது அதைவிடப் பெரிய குற்றம்.

நம் நாட்டில் காணி கைமாறுவது வாய்ச்சொல்லால் அல்ல. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிஸ் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படும் உறுதிதான் செல்லும். விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இதே விதிதான். அரைத்தாள் கையொப்பம் உங்கள் பணத்துக்குச் சாட்சியாகலாம், காணியை உங்களுக்குக் கட்டிவைக்காது.

ஆகவே முற்பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கையில் எடுங்கள்:

முதலாவது, உங்கள் சொந்தச் சட்டத்தரணி மூலம் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்து வரலாற்றைத் தேடிப் பார்ப்பது. விற்பவரின் சட்டத்தரணியே உங்களுக்கும் போதும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, நில அளவை வரைபடம். அதை வீட்டில் வைத்துப் பார்ப்பதல்ல, அளவையாளரோடு நிலத்தில் நின்று எல்லைக் கற்களைப் பார்ப்பது.

மூன்றாவது, மாநகர சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழும், சொத்துரிமைச் சான்றிதழும், சோலைவரி நிலுவையில்லை என்பதற்கான அத்தாட்சியும். கட்டிய வீடாயின், அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் கட்டி முடித்தபின் சபை தரும் இணக்கச் சான்றிதழும்.

நான்காவது, அளவு. புதிதாகப் பிரிக்கப்படும் துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சுக்குக் குறையக்கூடாது. "நான்கு பேர்ச், மலிவு" என்று யாராவது சொன்னால், அது எப்படிப் பிரிந்தது என்று கேளுங்கள்.

ஐந்தாவது, கடலோர வீடாயின் கடலிலிருந்து 300 மீற்றர் வரையான பகுதி கரையோர வலயம் என்பதை மறவாதீர்கள். அங்கே கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி இந்தக் கரையையும் தொட்டுப் போனதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

மூன்று இடங்கள்

இனி தரகர் காட்டிய இடங்கள். முதலாவது, நாளைக்கே முற்பணம் கேட்ட வீடு. அழகான பழைய வீடு, முற்றத்தில் மாமரம். உறுதியைக் கேட்டோம். அது மௌத்தாகிப்போன தகப்பனாரின் பெயரில் இருந்தது. விற்க முன்வந்தவர் மூத்த மகன் மட்டும். இரண்டு சகோதரிகள் இருப்பதாகவும், அவர்கள் "ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்றும் சொன்னார்.

இறுதிவிருப்பம் எழுதாமல் ஒரு முஸ்லிம் மௌத்தானால், 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நம் ஷரீஅத்தின் பங்கு முறையே நடைமுறைக்கு வருகிறது. மனைவிக்கும் மகன்மாருக்கும் மகள்மாருக்கும் பங்கு உண்டு. ஒருவர் தம் பங்கைத்தான் விற்க முடியும், மற்றவர்களின் பங்கை அல்ல. எல்லோரும் கையொப்பமிடாத வீட்டை வாங்குபவர் வீட்டை வாங்கவில்லை, வழக்கை வாங்குகிறார்.

இதை நான் மச்சானுக்கு விளக்கி முடிக்கும் முன்பே ராத்தா எழுந்துவிட்டார். "வாப்பா எனக்கென்று எழுதித் தந்ததை விற்று, இன்னொரு வாப்பாவின் பெண்பிள்ளைகளுடைய பங்கில் போய் நான் குடியிருப்பதா? வேண்டாம்" என்றார். அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

இரண்டாவது, தொடர்மாடியில் நான்காம் மாடி வீடு. கடற்காற்று, பாதுகாப்பு, கீழே வாகனத் தரிப்பிடம் எல்லாம் இருந்தன. தொடர்மாடி வாங்குபவர்கள் நிலத்தை வாங்குவதில்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின்கீழ் தம் அலகையும் பொதுப் பகுதிகளில் ஒரு பங்கையும் வாங்குகிறார்கள். கூட்டு ஆதன வரைபடம் பதிவாகியிருக்கிறதா, மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அது ஒழுங்காகச் சேர்கிறதா, வாகனத் தரிப்பிடம் உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். நான் இன்னொன்றையும் பார்த்தேன். மின்தூக்கியையும் படிக்கட்டின் திருப்பங்களையும் அளந்தேன். மச்சான் ஏனென்று கேட்டார். "சந்தூக்கு இறங்குமா என்று பார்க்கிறேன்" என்றேன். சிரிக்க வேண்டாம் வாசகர்களே! நாற்பது வருடம் வாழும் எண்ணத்தில் வாங்கும் வீட்டிலிருந்து ஒரு நாள் வெளியே கொண்டுபோகப்படவும் வேண்டுமல்லவா?

மூன்றாவது, களுபோவிலப் பக்கம் ஒரு சிறிய வீடு. காகிதங்கள் சீராக இருந்தன. கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை கிட்டவே. மச்சானுக்குச் சீனி வருத்தம் இருப்பதால் அது சிறிய விஷயமல்ல. விலைதான் கையைக் கடித்தது.

பணக் கணக்கு

விலையோடு செலவு முடிவதில்லை. உறுதிக்கான முத்திரைத் தீர்வை வாங்குபவரின் தலையில் விழுகிறது. பெறுமதியின் முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 2 கோடி ரூபா வீட்டுக்கு இதுவே ஏறத்தாழ 8 இலட்சம் ரூபா. அதன்மேல் நொத்தாரிஸ் கட்டணம், அளவையாளர், திருத்தவேலை எல்லாம் வரும்.

கடன் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடனெடுத்து வீடு வாங்கியவர்கள் பலர் மாதத் தவணை ஏறிய வேகத்தில் திணறிப்போனார்கள். 2005இல் வங்கிச் சட்டத்தில் செய்த திருத்தத்தின் பின் வட்டியில்லா முறைகளுக்கும் நம் நாட்டில் வழி திறந்திருக்கிறது. வீட்டை நிறுவனமும் நீங்களும் சேர்ந்து வாங்கி, அதன் பங்கை நீங்கள் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும் முறை அவற்றில் ஒன்று. ஹலாலான வழி என்பதற்காக ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையொப்பமிடலாம் என்று பொருளல்ல. வாடகையை எத்தனை மாதத்துக்கொரு முறை, எதை அளவாக வைத்து மாற்றுவார்கள் என்ற ஒரு வாசகத்தைத் தேடி வாசியுங்கள். ஒரு மாதச் சம்பளம் பிந்தினாலும் வீட்டில் அடுப்பெரியும் அளவுக்கே தவணையை வைத்துக்கொள்ளுங்கள்.

அஸருக்குப் பின்: மழை

அஸர் முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. "இன்றைய நடை கெட்டது" என்றார் மச்சான். "இல்லை, இப்போதுதான் நடை ஆரம்பம்" என்றேன். கொழும்புச் சூழலில் காணி வாங்குபவர் மழையில் பார்க்காமல் வாங்கக்கூடாது. 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 493 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2016 மே மாதத்திலும், டித்வா சூறாவளி வந்த 2025 நவம்பரிலும் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்து நம் குடும்பங்கள் பட்ட துயரம் நீங்கள் அறிந்ததே. தெஹிவளை அந்த ஆற்றங்கரையில் இல்லை. என்றாலும் இங்கும் கால்வாய்களும் பள்ளங்களும் உண்டு. காலி வீதியோரம் மேடாகவும், அத்திடிய, பெல்லன்விலப் பக்கம் தாழ்வாகவும் போகும் நிலம் இது.

அந்தத் தாழ்நிலங்களை வெறும் சேறு என்று நினைக்க வேண்டாம். பெல்லன்வில – அத்திடிய ஈரநிலம் 372 ஹெக்டயர் பரப்பு. 1990இல் அதைச் சரணாலயமாகப் பிரகடனம் செய்தார்கள். மழைநீரை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவது அதன் வேலை. பறவைகளுக்கு அது வீடு. நிரப்பி வீடு கட்டினால் அந்தத் தண்ணீர் வேறு யாருடைய வீட்டுக்கோ போகும். மண் போட்டு நிரப்பிய காணியை மலிவாகக் கண்டால் விலகி நடந்துவிடுங்கள். பெல்லன்விலவில் நீரோரமாக நடைபாதை இருக்கிறது. மாலையில் குடும்பத்தோடு நடக்க அருமையான இடம். வாங்காமலேயே அனுபவிக்கலாம்.

குடையைப் பிடித்துக்கொண்டு அந்த மூன்றாவது வீட்டின் ஒழுங்கைக்கு மறுபடியும் போனோம். கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கி, அரை மணித்தியாலத்தில் வடிந்தது. பக்கத்து வீட்டு மதிலில் பழைய வெள்ளக்கறை இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. கழிவுநீர் பொதுக்குழாயில் சேர்கிறதா, குழிக்குப் போகிறதா என்றும், மேல்மாடிக் குழாயில் தண்ணீர் எந்த நேரம் மெலிகிறது என்றும் அந்த ஒழுங்கைக்காரர் ஒருவரையே கேட்டோம். விற்பவர் சொல்லாததை அயலவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

மஃரிபும் இஷாவும்

இரவில் இந்த ஊர் இன்னொரு ஊர். காலி வீதியில் கொத்து ரொட்டி வெட்டும் சத்தம் தாளம் போடும். கடைகள் திறந்திருக்கும், மருந்தகம் திறந்திருக்கும், சனம் நடந்துகொண்டேயிருக்கும். மருந்தொன்று அவசரமாகத் தேவைப்படும் இரவில் இது எத்தனை பெரிய நிஃமத் என்பது, நடுச்சாமத்தில் ஊரில் வாகனம் தேடி அலைந்தவருக்குத் தெரியும். ஆனால் எட்டு மணிக்கே உறங்கிப் பழகிய ராத்தாவுக்கு இந்த இரைச்சல் ஒரு சோதனை. பிரதான வீதியிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே போனால் அடங்கிவிடுகிறது. எனவே நீங்கள் வாங்க நினைக்கும் வீட்டின் வாசலில் இரவு பத்து மணிக்கு ஒரு தடவை நின்று பாருங்கள்.

இஷா முடிந்து பள்ளி முற்றத்தில் நின்றபோது, நிர்வாகத்தவர் ஒருவரிடம் மச்சானை அறிமுகப்படுத்தினேன். "எந்த மஹல்லாவுக்கு வருகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். புதிதாக வருபவர்கள் இதில் அசட்டையாக இருக்கிறார்கள். மஹல்லாவில் பெயரைப் பதிந்து சந்தாவைக் கட்டி வாருங்கள். மகளின் நிகாஹ் நாளில்தான் பள்ளிவாசலை முதன்முதலாகத் தேடுவது அழகல்ல.

கதைக்க ஆள்

இந்த ஊரின் வடுக்களையும் மறைக்காமல் மச்சானுக்குச் சொன்னேன். 1983 ஜூலையில் இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வீடுகள் எரிந்தன. 1996 ஜூலை 24ஆம் திகதி தெஹிவளையில் புகையிரதக் குண்டுவெடிப்பில் 64 பேர் மாண்டார்கள். வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சாதாரண மக்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மிருகக்காட்சிசாலைக்கு எதிரிலிருந்த விடுதியொன்றிலும் குண்டு வெடித்து இருவர் பலியானார்கள்.

அதன்பின் வந்த நாட்களை எங்கள் ஒழுங்கையில் நாங்கள் எப்படிக் கழித்தோம் என்பது எனக்கு மறக்காது. ஊரடங்கு. வீட்டில் அரபுக் கிதாபுகள் நிறைந்த அலுமாரி. பிள்ளைகள் சத்தமாகப் பேசவும் பயந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. திறந்து பார்த்தால், சூன் பாண் வாங்கும்போது ராத்தாவுடன் கதைத்தார்களே, அதே பக்கத்து வீட்டு அம்மா. கையில் ஒரு பை மரக்கறி. "பிள்ளைகளுக்குச் சாப்பாடு இருக்கிறதா? யாராவது வந்தால் முதலில் எனக்குச் சத்தம் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒழுங்கையில் எல்லோரும் அப்படியிருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். முகத்தைத் திருப்பியவர்களும் உண்டு. ஆனால் அந்த ஒரு பை மரக்கறிக்காக நான் இந்த வீட்டை விற்க மாட்டேன்.

அயலவர் கிடைப்பது ஒரு பாதி நஸீப், மறுபாதி நம் நடத்தை. நாங்கள் குடிவந்த முதல் வாரமே என் மனைவி வட்டிலப்பம் செய்து நான்கு வீடுகளுக்கும் கொடுத்தார். பெருநாளுக்கும் வெசாக்குக்கும் பொங்கலுக்கும் நத்தாருக்கும் தட்டுகள் மதிலைத் தாண்டி வந்துபோகின்றன. வாகனத்தை அடுத்தவர் கேற்றுக்கு முன் நிறுத்துவதில்லை, குப்பையைத் தவறான நாளில் வெளியே வைப்பதில்லை. மார்க்கத்தில் அயலவருக்குள்ள ஹக்கைப் பற்றிப் பாடம் நடத்தும் நான், அதை விளங்கிக்கொண்டது இந்த ஆறடி ஒழுங்கையில்தான்.

முடிவு என்ன?

மச்சானும் ராத்தாவும் வீடு வாங்கவில்லை. தென்னங்காணியையும் விற்கவில்லை. களுபோவிலப் பக்கம், மழையில் நாங்கள் பார்த்த அதே ஒழுங்கையில், ஓர் அனெக்ஸை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். தேங்காய்ப் பணம் வாடகையில் ஒரு பகுதிக்கு உதவுகிறது. மகனின் தொழில் நிலைத்து, மகளுக்குப் படிப்பு ஒத்துப்போய், ராத்தாவுக்கும் மனம் ஒன்றினால் அடுத்த வருடம் யோசிப்பார்கள். இல்லாவிட்டால் வாப்பாவின் காணி அப்படியே இருக்கிறது, திரும்பிப் போகலாம். தரகருக்கு என்மேல் கோபம்தான். என்ன செய்வது!

நகர வாழ்க்கை தருவதெல்லாம் ரயிலும் வைத்தியசாலையும் பாடசாலையும் மட்டுமல்ல வாசகர்களே. அவற்றை நீங்கள் பணம் கொடுத்துப் பெறலாம். கதவைத் தட்டிச் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும் ஒருவரைப் பணத்தால் பெற முடியாது. அவரைத் தேடி ஒரு நாள் முழுக்க நடப்பது வீணல்ல. அப்படி ஒருவராக நாமும் இருப்பது அதைவிட முக்கியம்.

சென்ற வாரம் ராத்தாவுக்கு அழைப்பெடுத்தேன். மூன்று முறையும் பதில் இல்லை. மனம் கேளாமல் நேரில் போனேன். ஒழுங்கை மதிலோரம் நின்று யாரோ ஒரு பெண்ணுக்குச் சம்பல் அரைக்கும் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தார். போன் உள்ளே கிடந்து அடித்துக்கொண்டிருந்தது.

நம் எல்லோருக்கும் விசாலமான இல்லங்களையும், அதைவிட விசாலமான உள்ளங்கொண்ட அயலவர்களையும் அல்லாஹ் தந்தருள்வானாக!